எடைபோடும் மனம்

விழிப்பு வந்துவிட்டது; இன்னும் எழவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்துதான் வருகிறோம், ஆனால் அங்கே நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு. உடம்பு போர்வையின் சூட்டில் கிடக்கிறது. மனம் மட்டும் எழுந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது. எழுந்தால் என்ன கிடைக்கும், எழாவிட்டால் என்ன போகும், இதற்கு இவ்வளவு பாடு தகுமா என்று ஓசையில்லாமல் எடைபோட்டுக்கொண்டிருக்கிறது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாமும் சாய்கிறோம். பிறகு, நான்தான் முடிவு செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இன்று அந்த இடைவெளியில் சற்று நேரம் உட்கார்ந்திருப்போம். அவசரம் ஒன்றும் இல்லை. எடைபோடும் மனத்தைக் குறை சொல்ல வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அது என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். பார்க்கப் பார்க்க அதன் பரபரப்பு மெல்லக் குறைவதை நாமே உணர்வோம்.

பேராக் மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த இடைவெளி புதிதல்ல. நம் தாத்தா பாட்டிமார் வாழ்நாள் முழுக்க அதைக் கடந்தவர்கள். 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தம் இல்லத் தோட்டத்தில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பின்வந்த ஆண்டுகளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் என்று மேடும் பள்ளமும் கித்தா மரமாயின; ரப்பரைத்தான் நாம் கித்தா என்போம். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்த மரங்களுக்கு நடுவே லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியேறினார்கள்.

வானம் வெளுக்குமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் விளக்கோடும் உளியோடும் வாளியோடும் அவரவர் நிரைக்குப் போவார்கள். இருட்டில் போனதற்குக் காரணம் உண்டு. இரவின் குளிர்ச்சியில் மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே மனிதர் தூங்க விரும்பும் நேரம் எதுவோ, அதுவே மரம் தாராளமாகக் கொடுக்கும் நேரமாக இருந்தது.

அப்படி எழுந்து போயும் பலன் உறுதியில்லை. ஒரு மழை போதும். பட்டை நனைந்திருந்தால் மரத்தைத் தொட முடியாது. பட்டையை வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பால் தண்ணீரோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, கொசுக்கடியும் அட்டைக்கடியும் பட்டு, ஒன்றும் நிறுக்க இல்லாமல் திரும்பிய காலைகள் தோட்டத்தில் எத்தனையோ. அடுத்த நாள் மறுபடியும் பெரட்டு. மறுபடியும் அந்த இடைவெளி. அங்கே அவர்கள் மனம் எதை எடைபோட்டது? கிடைத்த பாலையா? இல்லை. இன்னும் கிடைக்காத பாலை. கிடைக்கும் என்று எண்ணிய பாலை.

இங்கே சற்று நிற்போம், ஏனென்றால் நம் தவிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. மனம் எடைபோடுவது பலனை அல்ல; எதிர்பார்க்கும் பலனை.

மூளையை ஆராய்பவர்கள் இதைத் தங்கள் வழியில் கண்டிருக்கிறார்கள். 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற அறிஞர், குரங்குகளின் மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துள்ளின. சாறு வருமுன் ஒரு அடையாளம் காட்டிப் பழக்கிய பிறகு, துள்ளல் அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் வழக்கம்போல் இருந்தன. அடையாளம் வந்து சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்த நொடியில் அவை இருந்த நிலையிலிருந்தும் கீழே இறங்கின. நாம் எத்தனையோ இரவுகளில் அனுபவித்ததுதான் இது. வராத ஒன்றுக்காக மனம் இறங்குவது, அது வரும் என்று முன்பே ஏறியிருந்ததால்தான்.

இன்னொன்றும் கண்டார்கள். அமெரிக்காவில் ஜான் சாலமோன் எலிகளுக்கு இரண்டு வழிகள் வைத்தார். ஒரு வழியில் கொஞ்சம் தீனி, தடையில்லை. இன்னொரு வழியில் கூடுதல் தீனி, ஆனால் ஏறிக் கடக்க ஒரு தடுப்பு. நல்ல நிலையில் இருந்த எலிகள் பெரும்பாலும் தடுப்பை ஏறிக் கடந்தன. மூளையின் ஒரு பகுதியில் டோப்பமினைக் குறைத்ததும் அவை எளிய வழிக்குத் திரும்பின. அவற்றுக்குப் பசி போகவில்லை, தீனியின் மேலுள்ள பிரியமும் போகவில்லை. ஏறுவதற்கான மனம்தான் போயிருந்தது. ஆக்ஸ்ஃபர்டில் 2002இல் வந்த ஓர் ஆய்வு, மூளையின் முன்பக்கத்தில் நடுவே உள்ள ஒரு பகுதி பழுதானாலும் இப்படியே ஆகிறது என்று காட்டியது. வேண்டும் என்பதும், பிடிக்கும் என்பதும் மூளையில் வேறு வேறு ஓட்டங்கள் என்று கென்ட் பெரிட்ஜ் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். வேண்டும் வேண்டும் என்று ஓடுவதெல்லாம், வந்தபின் பிடித்துப்போவதில்லை. பிடித்தவற்றை நோக்கியும் சில நாள் கால் நகர்வதில்லை.

இது நம்மைச் சோர்வடையச் செய்யும் செய்தி அல்ல. எனக்கு இது பெரும் ஆறுதலாகவே படுகிறது. உள்ளே நடக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும் நம் குற்றம் அல்ல, நம் குணமும் அல்ல. உடம்பு மூச்சு விடுகிறது, மனம் எடைபோடுகிறது. மூச்சைக் கவனிக்க முடியும் என்றால் இதையும் கவனிக்க முடியும். கவனிக்கிறவருக்கும் எடைபோடும் மனத்துக்கும் நடுவே சிறிது இடம் கிடைக்கிறது. அமைதிக்கு அந்த அளவு இடம் போதும்.

பத்து காஜாவுக்கு அருகே கெல்லிஸ் காஸல் என்ற மாளிகை இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் செல்வம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து செங்கல் வந்தது, தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள், மாடிமேல் மாடி எழுந்தது. 1926இல் அவர் போர்ச்சுகலில் காலமானார். மாளிகை முடியவே இல்லை. அவர் குடும்பம் அதில் குடிவாழவும் இல்லை. வேலை நடந்த காலத்தில் பரவிய கொள்ளைநோயில் தொழிலாளர்கள் பலர் மடிந்ததாகவும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி அருகில் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கு நடுவே ஸ்மித்தைப் போன்ற ஒரு சிலையும் நிற்கிறது.

அந்த மனிதரை எண்ணும்போது எனக்கு இரக்கமே வருகிறது. எத்தனை ஆண்டு அந்த வீட்டில் மனத்தளவில் வாழ்ந்திருப்பார்! எந்த ஜன்னலருகில் உட்காருவது, எந்த அறையில் யார் தூங்குவது என்று எத்தனை முறை எண்ணியிருப்பார்! எதிர்பார்த்த பலனுக்குள் குடிபோய்விட்டால், இருக்கிற நாள் காலியாகிவிடுகிறது. நாமும் நமக்கே உரிய சிறிய மாளிகைகளைக் கட்டுகிறோம். பிள்ளை படித்து முடித்தபின், கடன் தீர்ந்தபின், தாமானில் சொந்த வீடு வாங்கியபின் என்று நம் அமைதியை அங்கே அனுப்பி வைத்துவிட்டு, இங்கே அமைதியில்லாமல் இருக்கிறோம்.

அப்படியானால் ஆசையை அறுத்துவிட்டு முயற்சியையும் விட்டுவிடுவதா? நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. திருக்குறளில் அவா அறுத்தல் 37ஆம் அதிகாரம், ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். ஒன்று துறவைப் பேசும் பகுதியில் இருக்கிறது, மற்றது உலக வாழ்வைப் பேசும் பகுதியில். ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன. ஆசை இல்லாத இடத்திலும் உழைப்பு இருக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவர் இரண்டையும் எழுதியிருக்க மாட்டார் என்று நான் எண்ணுகிறேன். பலன்மேல் கண் வைத்தால்தான் கை நகரும் என்று மூளை சொல்கிறது. கண்ணை எடுத்த பின்பும் கை நகரும் என்று அனுபவம் சொல்கிறது. எப்படி?

பாலுக்காக மரம் வெட்டியவர்களின் கையைப் பார்ப்போம். பால்குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. அதற்குச் சற்று உள்ளே மரத்தின் உயிரான மெல்லிய படலம். உளி ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, ஆறும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். அந்த இடத்தில் மறுபடி நன்றாக வெட்ட முடியாது. முந்தைய வெட்டின் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான். பால் எவ்வளவு வரும் என்ற எண்ணம் அந்த நொடியில் கைக்கு உதவாது. ஆழம்தான் உதவும். நல்ல கைக்காரர்கள் ஒரு மரத்தில் நின்றபோது அந்த மரத்தில்தான் நின்றார்கள். அது முடிந்தால் அடுத்த மரம். நிறுவை நேரம் வரும்போது வரும். யாரும் அவர்களுக்கு யோகம் கற்றுக்கொடுக்கவில்லை, மரம் கற்றுக்கொடுத்தது.

நமக்கும் இது எட்டாததல்ல. பாடம் படிக்கிறோமா, பாத்திரம் கழுவுகிறோமா, படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறோமா, எதுவானாலும் வேலைக்குள் ஒரு ஆழம் இருக்கிறது. அந்த ஆழத்தைத் தேடும்போது கவனம் கைக்கு வருகிறது. கவனம் கைக்கு வந்தபின் பலனை எடைபோட உள்ளே யாரும் மிச்சமில்லை. உழைப்பைச் சுமையாகக் கணக்கிடும் அதே மூளை, உழைப்பை இனிமையாகவும் உணர்கிறது என்று மைக்கேல் இன்ஸ்லிக்ட் என்ற உளவியலாளரும் அவர் தோழர்களும் 2018இல் எழுதினார்கள். மலை ஏறுபவர் கடைசியில் மலையடிக்கேதான் திரும்பி வருகிறார், என்றாலும் ஏறுகிறார்.

ஈப்போவில் தைப்பூசத்தன்று இதைக் கண்ணாரக் காணலாம். குனோங் சீரோ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கி, புந்தோங் பக்கமிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வெறுங்காலோடு மக்கள் நடந்து வருகிறார்கள். தலையில் பால்குடம், தோளில் காவடி, கையில் குழந்தை. வெயில் ஏறிய தார்ச்சாலை. பாடுதான், சந்தேகமில்லை. வேண்டுதல் என்பதே ஒரு பேரம்தானே என்று சிலர் கேட்பார்கள்; இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்பதுதானே என்பார்கள். சிறிது கூர்ந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தில் பலருடைய வேண்டுதல் முன்பே நிறைவேறிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, மகள் நல்லபடியாகப் பெற்றெடுத்தாள், அறுவைச் சிகிச்சை முடிந்து அப்பா வீடு வந்தார். கேட்டது கையில் இருக்கிறது. இனி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது போகப்போவதில்லை. இருந்தும் நடக்கிறார்கள். எடைபோடும் மனம் அங்கே என்ன செய்யும்? ஒரு பக்கம் இன்றைய வெயிலும் வலியும் இருக்கின்றன. மறுபக்கம் வைப்பதற்கு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. அந்தக் கணக்கு அங்கே முடிந்துபோகிறது. நேர்த்திக்கடன் செலுத்துபவரின் முகத்தில் தெரியும் தெளிவுக்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன். வரப்போவதற்காக உழைப்பது ஒன்று, வந்துவிட்டதற்காக உழைப்பது ஒன்று. இரண்டாவதில் பயம் இல்லை.

நம் ஒவ்வொரு நாளிலும் வந்துவிட்டவை எத்தனையோ இருக்கின்றன. காலையில் அந்த இடைவெளியில் கிடக்கும்போது, எழுந்தால் என்ன கிடைக்கும் என்று மனம் கேட்கட்டும். ஏற்கெனவே என்ன கிடைத்திருக்கிறது என்று நாம் ஒருமுறை கேட்போம். விடை தேடி ஓட வேண்டாம். கேள்வியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. சில நாள் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். சில நாள் எழாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பலனை எண்ணாதே என்ற சொல்லை உழைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். கூலி கொடுப்பவர் அதைச் சொல்லக் கூடாது. தோட்டத்து மக்களின் பொறுமையைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்தப் பொறுமைக்கு உரிய விலையைக் கொடுத்தவர்கள் குறைவு. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. வீட்டு அடுப்பு எரிவதை மழை தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கோரிக்கையின் சாரம். அது ஆசை அல்ல, நியாயம். அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாதவரிடம் மன அமைதியைப் பேசுவதற்கு முன், நாம் வாயை மூடி அவர் பக்கத்தில் நிற்கக் கற்க வேண்டும்.

அந்த மக்களே செய்து காட்டியதும் ஒன்று உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களில் இருந்தவர்கள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்கள் தாங்களே தோட்டம் வாங்க முடியும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்து வெள்ளி பத்து வெள்ளியாக மக்கள் கட்டினார்கள். தூரத்தில் இருக்கும் பலன் மனத்துக்குச் சிறியதாகவே தெரியும். அது மூளையின் இயல்பு. பசி அருகில் இருந்தால் இன்னும் சிறியதாகிவிடும். அப்படியிருந்தும் இன்றைய பத்து வெள்ளியை நாளைக்காக, அதுவும் தங்களுக்கு மட்டுமல்லாத ஒரு நாளைக்காக, எடுத்துக் கொடுத்தார்கள். தனியாக எடைபோடும்போது தூக்க முடியாதது, பலர் கூடி எடைபோடும்போது இலேசாகிவிடுகிறது.

இன்று பல தோட்டங்களில் கித்தா மரம் இல்லை. செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் எழுந்திருக்கிறது. லயத்து மக்களில் பலர் ஈப்போவைச் சுற்றிய வீடமைப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். அவர்களில் வயதானவர்கள் சிலர் இன்றும் நான்கு மணிக்கே விழித்துக்கொள்கிறார்கள். "ஏன் பாட்டி, இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாமே?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "முழிப்பு வந்திருச்சு ஐயா, இனி என்னத்தப் படுக்க" என்பார்கள். பெரட்டு மணி நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நெடுநாள் செய்த செயல் மூளையில் பழக்கமாக இறங்கிவிட்டால், பிறகு அதற்கு எடைபோடுதல் தேவைப்படுவதில்லை. நல்ல பழக்கத்தின் அருள் அது. ஒவ்வொரு நாளும் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை.

ஓய்வைப் பற்றியும் மரம் ஒன்று சொல்கிறது. ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது தோட்டத்தில் வழக்கம். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால், பட்டை இருந்தும் பால் வராமல் மரம் வறண்டுவிடும். அதற்கு மருந்து, மரத்தைச் சும்மா விடுவதுதான். 2022இல் பாரிஸில் ஓர் ஆய்வு நடந்தது. நாள் முழுக்கக் கடினமாகச் சிந்தித்தவர்களின் மூளை முன்பகுதியில் குளுட்டமேட் என்ற பொருள் கூடிவிட்டதையும், அவர்கள் மாலையில் சிரமமில்லாத, உடனே கிடைக்கும் பலன்களையே நாடியதையும் கண்டார்கள். மாலையில் நம் மனம் தாழ்ந்துபோவதை ஒழுக்கக் குறைவாக எண்ணி வருந்துகிறோம். அது பால் வற்றிய பட்டையாக இருக்கலாம். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சிலருக்கு ஓய்வும் போதாது. எடைபோடும் இடமே நலிந்துபோன நிலைகள் உண்டு. பார்கின்சன் நோயில் டோப்பமின் நரம்பணுக்கள் அழிகின்றன. கை நடுங்குவது வெளியே தெரிகிறது, எதற்கும் மனம் எழாமல் போவது தெரிவதில்லை. உரிய மருந்து கொடுத்தபின், பலனுக்காகச் சிரமப்படும் மனம் அவர்களிடம் ஓரளவு திரும்புவதை ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனச்சோர்வு நோயிலும் இந்த எடை குலைகிறது. குளிப்பதே மலையாகிவிடும், குளித்தபின் என்ன சுகம் என்பதும் மறந்துவிடும். இவர்களைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம். தோட்டத்து மக்களை ஒரு காலத்தில் மேலிருந்தவர்கள் சொன்ன அதே சொல்லை, நம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பையனை நோக்கி நாமே சொல்கிறோம். ஈப்போவுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே வசவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனாலேயே எத்தனை பேர் உதவி கேட்கக் கூசினார்களோ.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு உபதேசம் வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு எப்படிப்பா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் சற்று நேரம் இருங்கள். மருத்துவரிடம் போவோமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால், அன்றைக்கு லீவு போட்டாவது கூடவே போங்கள்.